கூட்டல் கழித்தல் பந்தல்

காட்சிப் பந்தலுக்கான முதல் மாதிரியைத் தெர்மோகோலில் செய்து பட்டறை வாசலில் காய வைத்திருந்தேன். வெள்ளைச் சுவர், அதன் மேல் கறுப்பில் சின்னதும் பெரியதுமாக ஐம்பது கூட்டல் குறிகள். எதிர்வீட்டு அக்கா தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்துவிட்டு, "இங்க மெடிக்கல் கேம்ப் ஏதாச்சும் போடறீங்களா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே அதை உடைத்துக் குப்பையில் போட்டேன்.

முத்தியால்பேட்டையில் சின்ன மரப்பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல், கட்டில் என்று போகும் தொழில். சித்தி மகளும் அவளுடைய இரண்டு தோழிகளும் லினோலியம் என்ற மெத்தென்ற தகட்டில் படம் செதுக்கி, மை பூசித் தாளில் அச்செடுப்பவர்கள். கடலையும் பழைய துறைமுகப் பாலத்தையும் வைத்துப் பன்னிரண்டு அச்சுகள் தயாராக இருந்தன. குருசுக்குப்பத்தில் தெரிந்தவர் வீட்டுப் பின்கட்டில் பிப்ரவரி நடுவில் பத்து நாள் காட்சிக்கு வைப்பதாகத் திட்டம். "சும்மா சுவர்ல மாட்டறதுக்கு நீ எதுக்கு அண்ணா? உள்ள நுழைஞ்சு பாக்கற மாதிரி ஒண்ணு கட்டிக் குடு" என்றாள். கூடவே போனில் ஒரு படத்தை அனுப்பினாள்.

டச்சு ஓவியர் பீட் மோந்த்ரியான் 1915இல் வரைந்தது. ஆங்கிலத்தில் 'பியர் அண்ட் ஓஷன்' என்பார்கள், பாலமும் கடலும். வெள்ளைத் துணியில் கறுப்பாகக் குட்டிக் குட்டிக் கோடுகள், எல்லாம் படுத்தவை அல்லது நின்றவை. சில இடங்களில் இரண்டும் குறுக்கே வெட்டிக் கூட்டல் குறியாகின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று தொடாமலே போகின்றன. மொத்தமும் ஒரு நீள்வட்டத்துக்குள் அடங்குகிறது. கீழே நடுவில் மட்டும் நின்ற கோடுகள் நீளமாகி மேல்நோக்கிப் போகின்றன. அதுதான் பாலம். 1914இல் பாரிசிலிருந்து ஊருக்குப் போனவர் முதல் உலகப்போர் தொடங்கியதால் திரும்ப முடியாமல் நெதர்லாந்திலேயே தங்கிவிட்டார். டோம்பர்க் என்ற கடற்கரை ஊரில் அலையையும் கடலுக்குள் நீளும் மரத்தூண் வரிசையையும் பார்த்துப் பார்த்து வரைந்ததிலிருந்து வந்த படம் இது. இந்த வகைப் படங்களுக்குக் 'கூட்டல் கழித்தல்' படங்கள் என்றே பேர் உண்டு.

புதுச்சேரிக்காரனுக்கு இதைப் பார்த்தால் வேறெதுவும் தோன்றாது. காந்தி சிலைப் பக்கம் இருந்த பழைய இரும்புப் பாலத்தை 1952 புயல் கொண்டுபோனதைத் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பின் கட்டிய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் சரிந்து விழுந்ததைப் போனில் எல்லாரும் பார்த்தோம். தண்ணீருக்குள் தூண்கள் மட்டும் நிற்க, நடுவே அலை படுத்தபடி வரும். அந்தக் காட்சியிலிருந்து படத்துக்கு அதிக தூரமில்லை.

ஆனால் தெர்மோகோலில் நான் செய்தது அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டிய வேலை. கூட்டல் குறியை நானே செய்து கொடுத்துவிட்டால் பார்க்கிறவருக்கு அங்கே செய்ய ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு நாள் வேறு வேலையில் இருந்தபோதுதான் பிடிபட்டது: நின்ற கோடுகளை ஓர் அடுக்கிலும் படுத்த கோடுகளை இன்னோர் அடுக்கிலும் வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. எங்குமே ஒன்றையொன்று தொடக் கூடாது. ஆள் நகரும்போது ஓரிடத்தில் கூட்டல் ஆகும், இன்னோர் அடி வைத்தால் கலையும்.

இரண்டாவது மாதிரி தென்னந்துடைப்பத்தில் உருவிய ஈர்க்குச்சியில் செய்தேன். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. பிளைவுட் பலகையில் 14 அங்குலம் நீளம், 11 அங்குலம் அகலம் வைத்து நீள்வட்டம் வரைந்தேன். மூலப்படம் 108 செ.மீ. அகலம், 85 செ.மீ. உயரம், விகிதம் 1.27. பதினாலுக்குப் பதினொன்றும் அதே 1.27. அடியிலேயே கணக்குப் போட்டுப் பழகிய எனக்கு இப்படி முழு எண்ணில் அமைந்ததில் பெரிய சந்தோஷம். படத்தை ஏ3 தாளில் அச்சடித்து, பென்சிலால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் கோடுகள் எவ்வளவு நெருக்கம் என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் கொடுத்தேன். நடுவில் 3, ஓரத்தில் 0 அல்லது 1. குச்சிகளை நட்டது அந்த மதிப்பெண்படிதான். அழகாக இருக்கிறதே என்று கண்ணால் பார்த்து நட ஆரம்பித்தால் நம் கை தானாகவே சம இடைவெளி விட்டுவிடும். ஜன்னல் கம்பி போட்டுப் பழகிய கை அப்படி.

இந்தச் சமயத்தில் தங்கை இன்னொன்று காட்டினாள். அந்த ஓவியம் இருப்பது நெதர்லாந்தில் ஓட்டர்லோ ஊரின் க்ரொல்லர்-முல்லர் அருங்காட்சியகத்தில். அதே வளாகத்தின் தோட்டத்தில் டச்சுக் கட்டடக் கலைஞர் கெரிட் ரீட்ஃபெல்ட் வடிவமைத்த ஒரு சிற்பக் காட்சிக்கூடம் நிற்கிறது. 1955இல் ஆர்னெம் நகரில் ஒரு கண்காட்சிக்காகத் தற்காலிகமாகக் கட்டியதாம், முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். அப்புறம் 1965இல் இங்கே திரும்பக் கட்டினார்கள். துளை உள்ள சாதாரண சிமென்ட் கல்லைப் படுக்கப் போட்டு அடுக்கிய சுவர், வெளிச்சமும் காற்றும் துளை வழியே வரும். நம் ஊரில் மாட்டுக் கொட்டகைக்கும் அந்தக் கல்லைத்தான் போடுகிறோம். இதைப் பார்த்ததும் விலை கூடின மரம் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். சவுக்கு, மூங்கில், கயிறு போதும்.

சவுக்கு என்றால் கடலூர் பக்கம்தான். ஆனால் பத்து நாள் காட்சிக்கு விலைக்கு வாங்குவது வீண். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் பந்தல் போடுகிற அண்ணன் ஒருவரிடம் ஒன்பதடிச் சவுக்குக் கழி முப்பத்தி நாலு வாடகைக்குக் கேட்டேன். கழியோடு அவரும் வருவதாகச் சொன்னார். "கட்டறது நான், பிரிக்கறது நான். நடுவுல நீ என்னா வேணா பண்ணிக்க தம்பி."

வீட்டுக்கார அம்மா ஒரே நிபந்தனை போட்டிருந்தார்: சிமென்ட் தரையில் ஓர் ஆணிகூட இறங்கக் கூடாது. அப்படியானால் குழி தோண்டிக் கால் நட முடியாது. பழைய 20 லிட்டர் பெயின்ட் டப்பாக்கள் எட்டு சேகரித்து, நடுவில் கழியை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றினேன். ஒன்று ஏறத்தாழ 48 கிலோ. எட்டும் சேர்ந்தால் 380 கிலோவுக்குக் கிட்டே. கடற்கரைக் காற்றுக்கு அந்த எடை வேண்டும். மிச்ச இருபத்தாறு கழிகளும் மேல் வளையத்திலும் கீழ் வளையத்திலும் கட்டி நிற்கும்.

தரையில் நீள்வட்டம் வரைவது எளிது என்றுதான் நினைத்திருந்தேன். நடுப்புள்ளியிலிருந்து இரு பக்கமும் 4 அடி 4 அங்குலத்தில் ஆளுக்கு ஒரு கம்பை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். 22 அடி 8 அங்குலம் சுற்றுள்ள கயிற்று வளையத்தை இரண்டையும் சுற்றிப் போட்டு, சுண்ணாம்புக் கட்டியால் இழுத்துப் பிடித்தபடி நடந்தால் நீள்வட்டம் விழும். பதினாலுக்குப் பதினொன்றுக்கு உரிய கணக்கு அது. கையில் இருந்தது தேங்காய்நார்க் கயிறு. இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போனது. ஒரு சுற்று முடிந்து தொடங்கிய இடத்துக்கு வந்தபோது கோடு ஐந்து அங்குலம் வெளியே நின்றது. உருவம் கோழிமுட்டை மாதிரி. அழித்துவிட்டுக் கட்டுக்கம்பியில் வளையம் செய்து திரும்ப வரைந்த பிறகுதான் சரியாகச் சேர்ந்தது.

வளையங்களுக்கு மூங்கில் பிளாச்சு, நீளவாக்கில் பிளந்த பட்டை. நாலு பிளாச்சை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் நல்ல வலு. ஆனால் நீள்வட்டத்தின் இரண்டு முனையிலும் வளைவு இறுக்கம். ஆரம் நாலேகால் அடிதான். இரண்டு பிளாச்சு பட்டென்று ஒடிந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சத்தை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் அவை சொன்ன பக்கமெல்லாம் வளைந்தன. கயிற்றையும் அவர் நனைத்துத்தான் கட்டினார். கட்டியதை மறுநாள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, தளர்ந்திருந்தால் ஒரு குச்சியை உள்ளே விட்டு முறுக்கினார். என் பட்டறையில் இத்தனை இணைப்புக்கு போல்ட்டு போட்டால் இரண்டு நாள் ஆகும். அவர் அரை நாளில் முடித்தார்.

பிறகு வந்தது சண்டை. எல்லாம் கட்டி முடித்து ஒரு கழியை லேசாகத் தள்ளினால் மொத்தமும் ஒரு பக்கமாகத் திருகியது. நின்ற கோடும் படுத்த கோடும் மட்டும் வைத்துக் கட்டினால் அப்படித்தான் ஆகும். சதுரம் எப்போது வேண்டுமானாலும் சாய்சதுரமாகிவிடும். அண்ணன் நீளமான கழி ஒன்றை எடுத்துக் குறுக்கே சாய்த்துப் பிடித்தார்.

"இங்க ஒரு முட்டு, அங்க ஒரு முட்டு. அப்பதான் நிக்கும்."

"சாய்வா எதுவும் வரக் கூடாதுண்ணே."

"ஏன் வரக் கூடாது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மோந்த்ரியான் சாய்கோட்டை ஏற்காதவர், நண்பர் தியோ வான் டூஸ்பர்க் படங்களில் சாய்கோடு போட ஆரம்பித்ததில் இருவருக்கும் முறிந்தது என்று சொல்வார்கள். இதைப் பந்தல்கார அண்ணனிடம் எப்படி விளக்குவது? கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். கான்கிரீட் டப்பாக் கால்களுக்கு நடுவே நான்கு இடங்களில் மெல்லிய ஜிஐ கம்பியைப் பெருக்கல் குறியாக இழுத்து முறுக்கினோம். ஆட்டம் நின்றது. பத்தடி தள்ளி நின்றால் கம்பி கண்ணுக்குத் தெரியாது. "உன் ஆளுக்குச் சொல்லிடாத" என்றார் அண்ணன்.

படுத்த கோடுகள் உள்ளடுக்கில், கழிகளுக்கு முக்கால் அடி உள்ளே. ஓரடி முதல் மூன்றடி வரை நீளமுள்ள மூங்கில் பட்டைகள் நூற்று நாற்பது. கரி அடுப்பின் மேல் காட்டிக் கறுப்பாக்கினேன்; பெயின்ட் அடித்தால் பளபளக்கும். மேல் உள்வளையத்திலிருந்து மீன்பிடி நரம்பில் தொங்கவிட்டோம். சாயங்காலம் ஐந்து மணிவரை பார்க்க அற்புதமாக இருந்தது. அப்புறம் கடல்காற்று ஏறியது. ஆறு மணிக்கு நூற்று நாற்பதில் பாதிக்கு மேல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலை மாதிரி கிடந்தது. சிக்கெடுக்க இரவு பதினொன்றானது. பல இடங்களில் அறுத்தே எடுத்தோம்.

அந்தத் தெருவில் வலை பழுது பார்க்கிற பெரியவர் மறுநாள் எட்டிப் பார்த்தார். நரம்பை மேலே மட்டும் கட்டினால் காற்றில் ஆடத்தானே செய்யும், கீழ் வளையத்திலும் இழுத்துக் கட்டு என்றார். சொன்ன பிறகு தோன்றியது, இது எனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று. பட்டையின் இரு முனையிலும் சின்ன வெட்டு, அதில் நரம்பை இரண்டு சுற்றுச் சுற்றி அவர் காட்டிய முடிச்சு. வழுக்கவே இல்லை. காற்று வந்தால் பட்டைகள் அதிரும், நகராது. அதிரும்போது கொசு பறப்பது போல மெல்லிய சத்தம் வரும். இதை நான் திட்டமிடவில்லை. ஆனால் காட்சி முழுக்க அந்தச் சத்தத்தைத்தான் பலர் விசாரித்தார்கள்.

கூரைக்கு வேறு கணக்கு. அச்சுத் தாளில் நேர் வெயில் படக் கூடாது, ஆனால் வெளிச்சம் வேண்டும், காற்றும் வேண்டும். இதற்கு ஊரிலேயே பாடம் இருக்கிறது: கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த, அரவிந்தர் ஆசிரமத்து கோல்கொண்டே விடுதி. 1937இல் வேலை தொடங்கிய கட்டடம். தெருவிலிருந்து பார்த்தாலே முகப்பு முழுக்கப் படுத்த சாய்பலகைகள் தெரியும். திருப்பி வைத்தால் வெயில் தடுக்கும், காற்றை விடும். நான் பழைய பேக்கிங் பெட்டிப் பலகைகளை நாலு அங்குல அகலத்தில் அறுத்து, நாலு அங்குலத்துக்கு ஒன்றாக 45 பாகையில் சாய்த்து அடித்தேன். தாழ்ந்த விளிம்பு தெற்கே, உயர்ந்த விளிம்பு வடக்கே. புதுச்சேரியில் பிப்ரவரி நடுவில் நண்பகல் சூரியன் தெற்கு வானில் 65 பாகை உயரத்தில் இருக்கும். அந்தக் கோணத்துக்கு ஒவ்வொரு பலகையின் நிழலும் நாலு அங்குலத்தைச் சற்றே தாண்டும். நேர்வெயில் உள்ளே வர வழியில்லை. வடக்கு வானத்தின் வெளிச்சம் மட்டும் இறங்கும். ஓவியத்துக்கு விசுவாசமாக, கோடுகளின் நிழல் தரையில் விழட்டும் என்று தெற்குப் பக்கம் மூன்றில் ஒரு பங்கைத் திறந்தே விட்டேன். அச்சுகள் அங்கே இல்லை.

ஜனவரி இருபதில், ஈர்க்குச்சி மாதிரியை மொட்டைமாடியில் வைத்து இதையெல்லாம் சோதித்திருந்தேன். முதலில் போன் டார்ச் அடித்துப் பார்த்தது தப்பு. பக்கத்து விளக்கின் கதிர் விரிந்து போகும், நிழல் பொய் சொல்லும். சூரியனே வேண்டும். ஆனால் ஜனவரி இருபதில் நண்பகல் சூரியன் 58 பாகைதான். ஏழு பாகை குறைவு. இரண்டடிப் பலகையின் வடக்கு ஓரத்துக்கு அடியில் ஒரு செங்கலைப் படுக்க வைத்தேன். மூன்று அங்குலம் உயர்ந்தது, ஏழு பாகை கிடைத்தது. மொட்டைமாடியில் பிப்ரவரி வந்துவிட்டது.

அங்கேதான் எதிர்பாராத ஒன்றைப் பார்த்தேன். தெற்குச் சுவரின் நின்ற குச்சிகளும் படுத்த குச்சிகளும் காற்றில் தொடவே இல்லை, ஆனால் பலகையில் அவற்றின் நிழல்கள் சேர்ந்து கூட்டல் குறிகளாகக் கிடந்தன. காலையில் பார்த்தால் எல்லாம் சாய்ந்த கூட்டல்கள், கிட்டத்தட்டப் பெருக்கல். சூரியன் நேர் தெற்கே வரும்போது மட்டும் நிமிர்ந்து செங்கோணமாகும். அது பன்னிரண்டு மணிக்கு நடக்கவில்லை. நம் கடிகாரம் ஓடுவது 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு. புதுச்சேரி அதற்கு மேற்கே ஏறத்தாழ 80இல் இருக்கிறது. அதில் பத்து நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போகும். பிப்ரவரி நடுவில் சூரியனே கடிகாரத்துக்குப் பதினாலு நிமிடம் பின்தங்கும். கூட்டினால் 12.25.

இதற்காகவே பின்கட்டுத் தரையின் தெற்குப் பக்கம் நாலரை அடிக்குச் சுண்ணாம்பு அடித்தேன். ஒன்பதடிக் கழியின் நிழல் அந்த நேரத்தில் நாலடிக்குச் சற்று மேலே நீளும். நுழைவு மேற்கே, வீட்டுப் பக்கமிருந்து. இரண்டு வரிசைக் கழிகளுக்கு நடுவே குறுகலாக ஒன்பதடி நடந்து உள்ளே வர வேண்டும். அதுதான் படத்தின் பாலம். வந்து நின்றால் முகம் கிழக்கே பார்க்கும். அந்தப் பக்கம் கடல். கடல் தெரியாது, பக்கத்து வீட்டு மதில்தான் தெரியும். சத்தம் மட்டும் வரும். இதைத் தங்கை மிகவும் விரும்பினாள், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பன்னிரண்டு அச்சுகளையும் உள்ளே மாட்டியதும் எதுவுமே தெரியவில்லை. கோட்டுக்கு முன்னால் கோடு போட்ட தாள். ஐந்தை எடுத்துத் திண்ணைக்கு மாற்றினோம். தங்கையின் தோழி ஒருத்திக்கு முகம் வாடியது. எடுத்தவற்றில் மூன்று அவளுடையவை. தினமும் ஆறு மணிக்குத் தாள்களைக் கழற்றி உள்ளே வைத்தோம், உப்புக் காற்றில் ஓரம் சுருண்டது.

முதல் நாள் வந்த ஒரு பாட்டி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பந்தல் போட ஆள் வரலையா, பாதியிலயே நிக்குதே" என்றார். ஒரு கல்லூரிப் பையன் சாரம் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து வெளியிலேயே நின்றான். மோந்த்ரியானைத் தெரிந்து வந்தவர்கள் நான்கைந்து பேர் இருக்கலாம். அவர்கள் ஓவியத்தின் அச்சடித்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எனக்கு அது தேர்வு எழுதியது போல இருந்தது. சின்னப் பிள்ளைகள்தான் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். தலையை இடமும் வலமும் ஆட்டி, "கூட்டல், போச்சு, கூட்டல், போச்சு" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்கள். இரண்டாம் நாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தெருப்பிள்ளைகள் சிலர் சுண்ணாம்புத் தரையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு 12.25க்குக் காத்திருந்தார்கள். நிமிர்ந்ததும் கைதட்டல். இரண்டு நிமிடத்தில் திரும்பவும் சாய ஆரம்பித்துவிடும்.

பத்து நாள் என்று சொன்ன காட்சி ஒன்பதோடு முடிந்தது. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமி வரும். பந்தல்கார அண்ணனுக்குக் கழி அத்தனையும் வேண்டும். "நாளைக்குன்னு சொன்னேன், இன்னிக்கே எடுத்துக்கறேன்" என்று காலை ஆறு மணிக்கு ஆட்களோடு வந்துவிட்டார். நாலு நாள் கட்டியதை ஒன்றரை மணி நேரத்தில் அவிழ்த்தார்கள். டப்பாவுக்குள் இறுகிய எட்டுக் கழிகளை மட்டும் எடுக்க முடியவில்லை. அவற்றுக்கு வாடகைக்குப் பதில் விலை கொடுத்தேன்.

அதில் இரண்டை வீட்டுக்கார அம்மா துணி காயப்போடக் கொடி கட்ட வைத்துக்கொண்டார். தரைச் சுண்ணாம்பை இரண்டு தரம் தேய்த்துக் கழுவிக் கொடுத்தேன், இன்னும் லேசாக வெளுப்பு தெரிகிறதாம். மிச்சம் ஆறு டப்பாவும் பட்டறை வாசலில் கிடக்கின்றன. தூக்க ஆள் வேண்டும்.